ஆளுக்கு ஆறு மாசம்

கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் மாதா பதக்கம் ஒன்று, விசில் ஒன்று. நடக்கும்போது இரண்டும் உரசிக் கிணுகிணுவென்று சத்தம் வரும். மாடியில் இருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து மனுஷன் முற்றத்தில் நிற்கிறாரா, வாசலுக்குப் போகிறாரா என்று சொல்லிவிடுவேன். பேரை மட்டும் கேட்காதீர்கள். ஊரே அவரை அர்பித்ரு என்றுதான் கூப்பிட்டது. பிரெஞ்சில் ஆட்ட நடுவருக்கு அதுதான் வார்த்தை. நான் முசியே என்பேன், அவர் மனைவியை மதாம் என்பேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

ஐம்பத்தைந்தில் நானும் என் வீட்டுக்காரரும் அவர் வீட்டு மாடியில் குடி போனோம். எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மெட்ராஸில் படித்ததால் இங்கிலீஷ் ஓரளவு வரும். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை, மில் ஃபுட்பால் டீமுக்குக் கோல்கீப்பர். வீட்டில் இருந்ததோ முற்றத்தில் ஒரே ஒரு குழாய். காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும். குடி போன நாலாம் நாளே எனக்கும் மதாமுக்கும் சண்டை. நைட் டியூட்டி முடித்து வந்த நான் குடத்தை வைக்க, அந்தம்மா அதை நகர்த்தித் தன் குடத்தை வைக்க, நான் திரும்ப நகர்த்த, இரண்டு பேருக்கும் வாய் முற்றிவிட்டது. அப்போது காதுக்குப் பக்கத்தில் விசில் சத்தம். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. முசியே பனியனும் வேட்டியுமாக, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, ஆட்ட மைதானத்தில் நிற்கிற மாதிரியே நின்றார்.

தீர்ப்பு உடனே வந்தது. ஒற்றைப்படைத் தேதியில் மாடிக் குடம் முதலில், இரட்டைப்படையில் கீழ்க் குடம். சரி என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மாசக் கடைசியில்தான் வில்லங்கம் வந்தது. முப்பத்தொன்றாம் தேதியும் எனக்கு, மறுநாள் ஒன்றாம் தேதியும் எனக்கு. மதாம் விடுவாரா, அநியாயம் என்று பிடித்துக்கொண்டார். முசியே இரண்டு நாள் யோசித்தார், சாப்பாட்டில்கூட மனசு இல்லை என்று மதாமே சொன்னார். கடைசியில் முப்பத்தொன்றாம் தேதி இரண்டு பேருமே குழாயடிக்கு வரக் கூடாது, நானே இரண்டு வீட்டுக்கும் பிடித்து வைக்கிறேன் என்றார். ஏழு வருஷம் அப்படியே செய்தார். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குடமாகத் தூக்குவார், எது முதல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன பாடு பட்டிருப்பார் என்று மதாமைப் பார்த்துக் கேலி செய்வேன். அந்தம்மா சிரிக்க மாட்டார். அவர் பாடு வேறு என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பிரான்சிலேயே துலோன் ஊரில் குடும்பமாகிவிட்டான். மூத்தது பெண். ஆறு வயசில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள், உப்பளம் கல்லறையில் இருக்கிறாள். மகன் மாசத்துக்கு ஒரு கடிதம் போடுவான், இரண்டு பேரும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று. பேரன் பிறந்த பிறகு போட்டோவும் வரும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் மதாம், முக்காட்டைக்கூட எடுக்காமல், கேட்பார்: போகலாமா? முசியே பாக்கலாம் என்பார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த இரண்டு வார்த்தைதான் ஞாபகம்.

ஒரு முறை என் எதிரிலேயே மதாம் கொஞ்சம் அழுத்திக் கேட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை.

"ஒரு புள்ள அங்க இருக்கான். ஒரு புள்ள இங்க இருக்கா. யார விட்டுட்டு யார்கிட்ட போறது? மாச் நுல்" என்றார்.

மாச் நுல் என்றால் சமநிலை, இரண்டு பக்கமும் ஜெயிக்காத ஆட்டம். அவர் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை அதுதான். மற்ற ரெஃப்ரிகள் ஆட்டம் சமமாக முடிந்தால் அலுத்துக்கொள்வார்கள். இவருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும். அதற்காக வேண்டுமென்றே சமம் செய்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரவஞ்சனையாக ஊதினார் என்று நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒருத்தர் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் பந்தைக் கோட்டுக்கு உள்ளே போய்ப் பிடித்தார் என்று கோல் கொடுத்தவர்தான். மாடியில் வாடகைக்கு இருக்கிறான், பாவம் என்றெல்லாம் பார்க்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் விழுப்புரம் ரோட்டுச் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தவர். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே போட்ட ஒரு மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தேசம், அந்தப் பக்கம் ஒரு தேசம். இருபது வருஷம் நடுவில் நின்ற பழக்கம். ஐம்பத்து நாலில் மூங்கிலை எடுத்துவிட்டார்கள், இவர் பென்ஷனுக்கு வந்துவிட்டார், மூங்கில் மட்டும் மனசுக்குள்ளே இருந்தது என்று மதாம் சொல்லுவார்.

அந்தக் காலத்தில் ஃபைனல் சமமாக முடிந்தால் இரண்டு டீமுக்கும் சேர்த்துத்தான் கப். ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்வார்கள். மில் டீமும் குருசுக்குப்பம் மீனவர் டீமும்தான் ஊரில் பலமான இரண்டு டீம். மூன்று வருஷத்தில் இரண்டு தரம் அவர்கள் மாச் நுல். ஆறு மாசம் முடிகிற அன்றைக்குக் கப்பைக் கை மாற்றுவதை முசியே ஒரு கல்யாணம் மாதிரி நடத்துவார். புளி போட்டு விளக்கித் தர வேண்டும். வெறுமையாகத் தரக் கூடாது. அக்கம்பக்கத்தில் வாங்கிய பாத்திரத்தை நாம் வெறுமையாகத் திருப்பித் தருவோமா என்று கேட்டார், யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மில்லிலிருந்து போகும்போது கப் நிறைய பூந்தி போகும். குருசுக்குப்பத்திலிருந்து வரும்போது ஒரு தரம் கப் நிறைய இறால் வந்தது. கோல்கீப்பர் வீடு என்று எங்கள் வீட்டில்தான் வைத்தார்கள், ஒரு வாரம் அந்தக் கப்பில் வாடை போகவில்லை.

அமெரிக்கக்காரர் வந்தது ஐம்பத்தொன்பதில். கோயில் சிற்பங்களைப் பற்றி எழுத வந்த பையன், எதிர்வீட்டில் ஒரு அறை எடுத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் பிரெஞ்சு தெரியும், எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ். அதனால் அவருக்குப் பால்காரரோடு பேச, சலவைக்காரரோடு பேச நான்தான். ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவர் அப்பா ஊரிலிருந்து ஒரு பிலிம் சுருள் அனுப்பியிருக்கிறாராம். அவர்கள் தேசத்து ஃபுட்பால் ஃபைனல், பெரிய இரண்டு டீம், அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே இல்லையாம். முசியே காதில் இது விழுந்தது, அவ்வளவுதான். மாதா கோயில் சாமியாரிடம் இருந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்கினார். என் பெட்டியிலிருந்த கல்யாணத்து வெள்ளைப் படுக்கை விரிப்பு முற்றத்துச் சுவரில் ஏறியது. மில் டீம் ஒரு பக்கமும் குருசுக்குப்பம் டீம் ஒரு பக்கமும் சரிசமமாக உட்கார வைக்கப்பட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படம் ஓட ஆரம்பித்தது.

முதலில் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் தலையில் சட்டி கவிழ்த்திருக்கிறார்கள், வாயிலிருந்து பனியில் புகை வருகிறது, பந்து பார்த்தால் நாட்டுப் பப்பாளி மாதிரி இருக்கிறது. ஒருவன் அந்தப் பப்பாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். முசியே விசிலை எடுத்து ஊதினார். கையால் பிடித்துவிட்டானாம். அடுத்தவனும் கையால் பிடித்தான், திரும்ப ஊதினார். பத்துத் தரமாவது ஊதியிருப்பார். ஊதின ஒவ்வொரு தரமும் குருசுக்குப்பம் கேப்டன், பழக்க தோஷத்தில், சரியான ஃபவுல் என்று தலையாட்டினார். அமெரிக்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான்தான் போய், முசியே, அவங்க சட்டமே கையால பிடிக்கிறதுதானாம் என்று சொன்னேன். அவர் விசிலைக் கீழே விட்டார். அவங்க சட்டம் அவங்களுக்கு என்றார்.

அதன் பிறகு அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. வரி போட்ட சட்டையில் நின்ற நடுவர்களை மட்டும் பார்த்தார். ஐந்து பேர் என்று எண்ணிவிட்டார். தப்பு நடந்தால் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டத்தை ஓட விடுவதை ரொம்ப மெச்சினார். ஒரு இடத்தில் பந்து போய்ச் சேர வேண்டிய தூரம் சேர்ந்ததா இல்லையா என்று சண்டை. இரண்டு பேர் ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்தில் இழுத்து வைத்து அளந்தார்கள். ஒரு சாண் குறைந்தது. முசியே எழுந்தே நின்றுவிட்டார். பாத்தியா, சங்கிலி வச்சு அளக்குறான், அவன் மனுஷன் என்று என் வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். எனக்கு மனசில் நின்றது வேறு. காலில் அடிபட்ட ஒருவனைத் தூக்குக் கட்டிலில் வைத்துக் கொண்டுபோகிறார்கள், அவன் உள்ளே போக மாட்டேன் என்று கோட்டோரத்திலேயே படுத்துத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான். என் வார்டில் இப்படி ஒருத்தன் இருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

ஆட்டம் முடிகிற நேரம். ஒரு டீம் பின்தங்கியிருந்தது. கடைசி வினாடியில் அவர்கள் உதைத்த பந்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் போனது. எண்ணிக்கை சமம், நேரம் முடிந்தது. முசியே முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுந்து, மார்பு நிறைய மூச்சு இழுத்து, ஆட்டம் முடிகிற நீள விசிலை ஊதினார். அந்த விசிலுக்கு எழுந்து பழகிய இரண்டு டீமும் சடாரென்று எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக்காரர் பதறிப்போய், இல்லை இல்லை, இனிமேல்தான் ஆட்டமே என்று கத்தினார். ஒரு டீம் எண்ணிக்கையில் முந்துகிற வரைக்கும் ஆட வேண்டும், முந்தின அந்த நிமிஷமே முடிந்தது, மற்றவன் தோற்றான். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எதுக்கு? ரெண்டு பேரும் நல்லாத்தான ஆடுனாங்க. இன்னும் என்ன வேணுமாம்?"

யாராவது ஒருவர் ஜெயிக்க வேண்டும் அல்லவா என்றார் அமெரிக்கக்காரர். அதையும் சொன்னேன். முசியே நடந்து போய் புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"என் வீட்டு முத்தத்துல யாரும் தோக்க வேணாம். மாச் நுல்" என்றார். மிச்சத்தை யார் பார்த்தாலும் தன் காதில் மட்டும் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

தெரு அந்த வாக்கைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்ன, பாதிப் பேர் உண்மையிலேயே ஆட்டம் சமம் என்றுதான் நம்பினார்கள். ஆறு மாசம் கழித்து குருசுக்குப்பம் கேப்டன் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "இன்னாம்மா, அமெரிக்காவுல கப்பு இந்நேரம் கை மாறியிருக்குமே, அவங்க அதுல இன்னா போட்டுக் குடுப்பாங்க?" என்று கேட்டார். நான் சிரிக்காமல், ஆப்பிள் என்றேன்.

மிச்சப் படத்தை மறுநாள் மத்தியானம் சாமியார் அறையில் அமெரிக்கக்காரர் எங்கள் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினார். எனக்கும் மதாமுக்கும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். ஒருவன் பந்தோடு கோட்டுக்குள் விழுந்தான், சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது, கம்பத்தைப் பிடித்து ஆட்டியது, படம் அதோடு முடிந்தது. மதாம் வெளியே வந்து, "பாத்தியாம்மா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு" என்றார். வீட்டில் அது முடிய இன்னும் மூன்று வருஷம் ஆனது.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் தானாகவே இந்தியர் என்று அறிவித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் கையெழுத்து என்றால் கப்பல் என்றுதான் அர்த்தம். இரண்டு தாள் வந்து மேசை மேல் கிடந்தது. மதாம் தன் தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். முசியேயின் தாள் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது. வாரக் கணக்கில் அப்படியே இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதாம் போகலாமா என்று கேட்கவில்லை. நீங்க வந்தாலும் வரலன்னாலும் நான் போறேன், எனக்கு அறுபது வயசாகுது, பேரனை ஒரு தடவை மடியில போட்டுக்கணும் என்றார். முசியே யோசித்து ஒரு வழி சொன்னார். நீ ஆறு மாசம் அங்கே இரு, நான் இங்கே மகள் பக்கத்தில் இருக்கிறேன். பிறகு நீ இங்கே வா, நான் அங்கே போகிறேன். ஆளுக்கு ஆறு மாசம். நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பும் அழுகையும் வந்தது.

மதாம் குரலை உயர்த்தவில்லை. "நான் என்ன கப்பா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா கை மாத்துறதுக்கு?" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. கழுத்துக் கயிற்றின் கிணுகிணு மட்டும் முற்றத்தை அளந்துகொண்டிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், நான் டியூட்டி முடித்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சத்தம். என் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவர் படியேறி வந்ததே இல்லை. அன்றைக்கும் மூன்று படி கீழேயே நின்றுகொண்டார்.

"நர்ஸம்மா, அந்தப் படத்துல மிச்சம் என்ன ஆச்சு?"

வெள்ளைச் சட்டை ஜெயிச்சுது முசியே என்றேன்.

"அது எனக்கு வேணாம். தோத்தவன் என்ன பண்ணான்?"

படத்தில் அது இல்லை. தோற்றவனை யாரும் படம் பிடிக்கவில்லை. சனம் பாய்ந்ததும் அவன் எங்கே போனான், எப்படிப் போனான், யாருக்குத் தெரியும். ஆனால் அவர் கைப்பிடிச் சுவரை எப்படிப் பிடித்திருந்தார் என்று நான் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டில் கம்பியை அப்படித்தான் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்லுவேன், வலிக்காது, சின்ன ஊசிதான், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம் என்று. பதினோராவது பொய்யை இவருக்குச் சொன்னேன்.

"எல்லார்கிட்டயும் போய் கை குடுத்தான் முசியே. கடைசியா ஜெயிச்சவன் கையப் புடிச்சு, நீ ஜெயிச்சிட்டன்னு சொன்னான். அப்புறம் தலைய நிமித்திக்கிட்டு நடந்து போயிட்டான்."

"தலை நிமிந்துதான் இருந்துச்சா?"

"நிமிந்துதான் இருந்துச்சு."

அவர் கைப்பிடிச் சுவரை விட்டார். பிறகு, வருஷத்துக்கு ஒரு தரம் உப்பளத்துக்குப் போய் மகளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைக்க முடியுமா என்று கேட்டார். நான் கோயிலுக்குப் போகிறவள், எனக்குக் கல்லறை வழக்கமெல்லாம் தெரியாது என்றேன். வத்திக்குச்சி கிழிக்கத் தெரியுமில்ல என்றார். இன்றுவரை போகிறேன்.

அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடி அவர் மூக்குக்கு வந்தது, தாளில் கையெழுத்து விழுந்தது. மறுநாள் குழாயடியில் மதாம் என்னிடம், அவர் ராத்திரி சாப்பிடும்போது, தோத்தவன் எல்லாருக்கும் கை குடுத்துட்டுப் போனானாமே, நீ சொல்லவே இல்லையே என்று கேட்டதாகச் சொன்னார். நீங்க என்ன மதாம் சொன்னீங்க என்றேன். மறந்துபோச்சுன்னு சொன்னேன் என்றார். என் குடத்தை எடுத்து முதலில் வைத்தார். அன்றைக்கு இரட்டைப்படைத் தேதி.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளம்பினார்கள். பம்பாயில் கப்பல். காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் இரண்டு டீமும் வந்து நின்றது. மதாம் ஏறி சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். முசியே கோட்டுப் போட்டிருந்தார், கயிறு காலருக்கு வெளியே கிடந்தது. குருசுக்குப்பம் கேப்டனில் ஆரம்பித்து ஒருத்தர் விடாமல் கை கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, அன்னைக்கு அது கோல்தாம்பா என்றார். கடைசியாக சன்னல் பக்கம் போய், கம்பிக்கு ஊடே கையை நீட்டினார். நாற்பது வருஷம் குடித்தனம் செய்த பெண்டாட்டியிடம் கை குலுக்க நிற்கிற மனுஷனைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். மதாம் சிரிக்காமல் கையைக் கொடுத்தார்.

"நீ ஜெயிச்சிட்ட" என்றார் முசியே.

பிறகு பெட்டியின் வாசலை நோக்கி நடந்தார். தலை நன்றாக நிமிர்ந்திருந்தது. கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அதனால் அது வழிந்துகொண்டிருந்தது. படியில் காலை வைத்தவர் திரும்பி என்னைத் தேடினார்.

"இப்படித்தானேம்மா?"

சன்னலுக்குள்ளிருந்து மதாம்தான் பதில் சொன்னார்.

"அப்படியேதாங்க. நானும் பாத்தேன்."